ஈடிப்பசு நாடகமும் ஊழும்

கிரேக்க நாட்டு ஏதென்சு நகரில் கி. மு. 5-ஆம் நூற்றாண்டில் விளங்கிய துன்பியல் நாடகப் புலவர் மூவருள் ஒருவராகிய சொபோக்கிளீசர் இயற்றிய ‘ஈடிப்பசு மன்னன்’ என்னும் நாடகம் ஊழின் வலியை நாட்டுதற்கே எழுந்ததென்றும், அதன் தலைவன் ஊழின் கையிற் பாவையே என்றும் கூறுவார் பலர். அவன் செருக்கும் சினமும் உடையனாதலின் அவற்றின் பயனையே நுகர்ந்தான் என்பார் வேறு சிலர். இவ்விரு கொள்கையும் நூலொடு பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

கதை வருமாறு: தீப்சு நகர வேந்தன் இலாயசு, தன் மகன் கையால் தான் இறப்பான் என்னும் அப்பொல்லோ தேவனது வாக்கிற்கு அஞ்சி, பிறந்த குழவியின் கணுக்கால்களைத் துளைத்துப் பிணித்து மலையில் எறியுமாறு பணித்தான். இரங்கிய இடையன் ஒருவன் அதனைக் கொரிந்து நாட்டு இடையன்பாற் கொடுப்ப, அந்நாட்டரசன் பொலிபசு அதனைத் தன் மகனாகவே வளர்த்தான். வளர்ந்த ஈடிப்பசு, தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்னும் வாக்கைத் தெல்பிக் கோயிலிற் கேட்டு, கொரிந்துக்கு மீளாது அகன்றான். மூன்று நெறி கூடுமிடத்தே தன்னை அடித்த முதியோன் ஒருவனைக் கொன்றான். தீப்சு நகரை வருத்திய சுபிங்சு என்னும் அணங்கின் விடுகதையை விடுவித்து, அந்நகர்க்கு அரசனாகி, கணவனை இழந்த அரசி யொகாசுதையை மணந்தான். அம்முதியோன் தந்தையென்பதும் அவ்வரசி தாயென்பதும் அவன் அறியான்.

இவையனைத்தும் நாடகம் தொடங்குதற்கு முன்னரே நிகழ்ந்து முடிந்தவை என்பதனை முதற்கண் உளங்கொளல் வேண்டும். அரங்கிற் காண்பது யாதெனின், கொள்ளைநோயால் வருந்தும் குடிகளைக் காத்தற்பொருட்டு இலாயசைக் கொன்றவன் யாவன் என அம்மன்னன் தேடுவதும், தேடித் தேடித் தன்னையே கண்டுகொள்வதுமேயாம். கொலைஞனைத் தேடுக என்றது தெய்வ ஆணை. ஆயினும் தேடற்கண் அவனைத் தடுத்தார் மூவர். முனிவர் தைரேசியர் உரையாது மீள விரும்பினர். உண்மை தோன்றக் கண்ட யொகாசுதை, இனித் தேடற்க என்று மன்றாடினள். குழவியைக் கொடுத்த முதிய இடையன், வினவற்க என்று இரந்தான். அவன் தான் சொல்லுதற்கு அஞ்சுவதனைச் சொல்லும் விளிம்பில் நிற்கின்றேன் என்றபோது, ஈடிப்பசு தானும் கேட்டற்கு அஞ்சுவதனைக் கேட்கும் விளிம்பில் நிற்பதனை உணர்ந்தும், கேட்டேயாகவேண்டும் என்கின்றான். அவ்விடத்து அவனை உந்தியது யாது? வாளுமன்று, வாக்குமன்று, உண்மையை அறியாது ஆளேன் என்னும் அவன் உள்ளமே என்க.

அற்றேல், அவன் கண்ணிழந்து கோலூன்றி அலைவான் எனத் தைரேசியர் முன்னரே கூறினாரன்றோ? கூறியபடியே முடிந்தமையின் அதுவும் ஊழின் செயலேயாகாதோ எனின், ஆகாது. என்னை? வருவதறிந்து உரைத்தல் வேறு, வருவித்தல் வேறு. மகன் இயல்பறிந்த தாய் ‘இவன் இன்னது செய்வான்’ என்று முன் உரைத்து, அவனும் அதனையே செய்யின், செய்தவள் தாயென்று சொல்வாரில்லை.

இதற்கு நூலினுள்ளே சான்று உண்டு. யொகாசுதை தூக்கிட்டு இறந்ததும், அவள் ஆடையிற் செறித்த ஊசிகளால் ஈடிப்பசு தன் கண்களைக் குத்திக்கொண்டதும் ஏவலன் ஒருவன் வாயிலாக உரைக்கப்படுகின்றன. அவன் இத்தீமைகள் விரும்பிச் செய்தவை, விரும்பாது நேர்ந்தவை அல்ல என்று பிரித்தோதுகின்றான். ‘எக்கோன்’ என்பது மனமிசைந்து செய்பவன், ‘ஆக்கோன்’ என்பது இசையாது செய்பவன் எனக் கிரேக்கம் வல்லார் பொருளுரைப்பர். பின்னர், நின்னைத் தூண்டிய தெய்வம் யாது என்று முதியோர் குழு வினவிய வழி, துன்பங்களை நிறைவேற்றியவன் அப்பொல்லோ என்றும், கண்ணைக் குத்திய கை தன் கையேயன்றிப் பிறர் கையன்று என்றும் ஈடிப்பசே விடுக்கின்றான். தெய்வத்திற்குரியதனைத் தெய்வத்திற்கும் தனக்குரியதனைத் தனக்கும் பகுத்துக்கொண்ட இவ்விடையே இந்நாடகத்தின் உயிர்நிலை. பாவைக்கு இப்பகுப்பு இயலாது.

இனி, குற்றத்தின் பயன் என்பார் கூற்றை நோக்குவாம். இவர் அரிசுடாட்டில் தம் கவிதையியலின் 13-ஆம் இயலிற் கூறும் ‘அமார்த்தியா’ என்னும் சொல்லைக் குணக்குறை எனக் கொண்டனர். ஆங்கு அவர் தீயொழுக்கத்தானன்றி அமார்த்தியாவால் வீழ்ந்தானுக்கு ஈடிப்பசையே எடுத்துக்காட்டாக்குகின்றார். அஃது அறியாமையாற் செய்த பிழையே எனக் கிரேக்கப் பேராசிரியர் டாட்சு 1966-இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டியது பொருத்தமுடைத்து. அவன் சினமுடையன் என்பது மெய். ஆயினும் சினத்திற்கு முன்னரே, பிறப்பிற்கும் முன்னரே, அவ்வாக்குத் தோன்றியது. சொபோக்கிளீசர் இறந்தபின் கி. மு. 401-இல் ஆடப்பெற்ற ‘கொலோனசில் ஈடிப்பசு’ நாடகத்தில், அம்முதியோன் தன் செயல்கள் தான் செய்தன என்பதினும் தான் பட்டன என்பதே தகும் என்றும், அறியாது செய்தமையின் தான் தூயன் என்றும் வழக்காடுகின்றான். அரசனாயிருந்து கண்ணைக் குத்தினமைக்குப் பொறுப்பேற்றவனே, அறியாது புரிந்தவற்றிற்குக் குற்றம் ஏலேன் என்பது முரணன்று. முன்செய்த பகுப்பே ஈண்டும் தொடர்கின்றது.

ஈண்டு நம்மனோர்க்கு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. கிரேக்கரது ‘மொய்ரா’ என்னும் சொல்லை ஊழ் என மொழிபெயர்த்தவுடன், செய்த வினையின் பயன் செய்தவனையே சென்றடையும் முறை என்னும் நம் நூற்பொருள் உடன் வந்து புகும். மொய்ரா என்பது பங்கு என்னும் துணையே பொருள்படும். அப்பங்கு அளந்த காரணம் அச்சொல்லில் இல்லை. ஆகலின் காலிற் றுளையிட்டு எறியப்பட்ட குழவி யாது பிழை செய்தது என்னும் வினாவிற்கு, முற்பிறப்பின் வினையே என்று நாம் விடை கூறிவிடல் எளிது. நமக்கு அது மெய்யே. ஆயின் அந்நூலுக்கு அஃது உரையாகாது.

தந்தையின் பிழையே காரணம் என்று கூறவும் இவர் நூல் இடந்தருவதில்லை. கி. மு. 467-இல் ஈசுகிலசர் அரங்கேற்றிய ‘தீப்சுக்கு எதிர் எழுவர்’ நாடகத்தில், மகப்பெறாது இறப்பின் நகர் உய்யும் என அப்பொல்லோ மும்முறை உரைத்தும் இலாயசு கடந்தான் என்று காரணம் காட்டப்பட்டது. அக்கதையை எடுத்தாண்ட சொபோக்கிளீசரோ, ‘செய்யின்’, ‘செய்யாதொழியின்’ என்னும் நிபந்தனையின்றி, இங்ஙனம் நிகழும் என்று வாளா கூறிப்போந்தார். ஆசிரியர் விடுத்த இடத்தை உரைகாரன் நிரப்புதல் உரைமரபன்று.

ஆகவே, வந்தெய்திய துன்பத்திற்குக் காரணம் கூறாது விடுத்து, அது வந்தவழி மனிதன் ஆற்றுவதனைக் காட்டுதலே அப்புலவர் கருத்தென்று கொள்க. அந்நாடகத்தை மொழிபெயர்க்கப் புகுவார் ஊழ் என்னும் சொல்லை ஆளுமிடத்து இவ்வேறுபாட்டை உணர்ந்தே ஆள்வாராக.