சம்மாட்டியை ஏற்காத கட்டங்கள்

இணையத்தில் நாளுக்கொன்றாக வரும் சொற்புதிர்களைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுதத்தான் வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மசலா என்ற இலக்கிய வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த சமூகத்தின் சஞ்சிகை இதைப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதெனக் கொள்ளப்படும் 'ஆயிரம் மசலா' கேள்விகளால் ஆன நூல். வண்ணப் பரிமளப் புலவர் பாடியது. காலம் 1572 என்பர். யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபி (ஸல்) அவர்களிடம் கேள்விகளை அடுக்குகிறார். விடைகளில் மனம் நிறைந்து இஸ்லாத்தைத் தழுவுகிறார். 'நூறு மசலா'வில் இளவரசி மெஹர்பானு புதிர் போட, அப்பாஸ் விடுவித்து அவளை மணக்கிறான். 'வெள்ளாட்டி மசலா'வில் ஓர் அடிமைப்பெண் சபையிலிருந்த அறிஞர்களையெல்லாம் வாயடைக்கச் செய்கிறாள். கலாநிதி ம. மு. உவைஸ் போன்றோரின் உழைப்பினால் இவை இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றன. ஆயினும் நாம் இவற்றை 'முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டு' என்ற பட்டியலில் ஒரு வரியாகவே படித்துவிட்டுப் போகிறோம். கேட்பவர், விடை சொல்பவர் இருவரில் ஒருவருக்காவது இழக்கவோ அடையவோ ஏதோவொன்று இருக்கிறது என்பதே இந்நூல்களின் உயிர். ஈமான், திருமணம், மானம் என்று அது நூலுக்கு நூல் மாறுகிறது.

இன்றைய புதிரில் அப்படி எதுவும் இல்லை என்று எளிதில் சொல்லிவிடலாம். நானும் அப்படிச் சொல்வதில் பாதிதான் உண்மை என்றே நினைக்கிறேன்.

'வேர்டல்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஜோஷ் வார்டல் என்ற மென்பொருள் பொறியியலாளர், சொல் விளையாட்டில் பிரியமுள்ள தன் துணைவி பாலக் ஷாவுக்காக அமைத்தது. மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிகளில் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை, எழுத்து மட்டும் சரியென்றால் மஞ்சள், இரண்டும் இல்லையென்றால் சாம்பல். 2021 நவம்பர் முதலாம் திகதி இதை விளையாடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி இரண்டாம் திகதி மூன்று இலட்சத்துக்கும் மேல். அம்மாத இறுதியிலேயே நியூயோர்க் ரைம்ஸ் பத்து இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டது. இதே பத்திரிகைதான் 1924இல் குறுக்கெழுத்துப் புதிரை வீண்பொழுது, பாவம் என்ற தொனியில் ஏசியது; 1942இல் தானே வெளியிடத் தொடங்கியது. ஆகவே நம் ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளின் கைத்தொலைபேசியைப் பார்த்து ஏசுவதை நான் அவ்வளவு பொருட்படுத்துவதில்லை.

இதில் எனக்குப் பிடித்தது அடக்கம். ஒரு நாளைக்கு ஒன்றுதான். உலகம் முழுவதற்கும் ஒரே சொல். விடையைச் சொல்லாமலே வண்ணச் சதுரங்களை மட்டும் நண்பருக்கு அனுப்பலாம். பிடிக்காதது வேறு. இங்கே கேள்வி என்று ஒன்று இல்லை. மெஹர்பானுவின் புதிருக்கு மொழி உண்டு, உருவகம் உண்டு. வேர்டலில் இருப்பது ஐந்து வெற்றுக் கட்டங்கள். அப்படியானால் ஆசிரியர் எங்கே? சொற்பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறார். ஆங்கிலத்தின் ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து விடைகளாகத் தகுந்த சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறைப் பிரித்தெடுத்தவர் பாலக் ஷா. தனக்குத் தெரிந்த சொல்லா, இல்லையா என்பதே அளவுகோல். ஒரு பெண்ணின் சொல்லறிவு இலட்சக்கணக்கானோரின் காலைப் பொழுதைத் தீர்மானித்தது. பத்திரிகை வாங்கிய பின் இழிசொற்கள் சிலவற்றை நீக்கியது. 2022 நவம்பரில் அதற்கென ஒரு பதிப்பாசிரியரையும் அமர்த்தியது. எச்சொல் உள்ளே, எச்சொல் வெளியே என்பது ஒரு தீர்ப்பு என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகவே இதைக் கொள்ள வேண்டும்.

2022இலேயே தமிழிலும் இதன் வடிவங்கள் வந்தன. இங்கே எழுத்திலேயே சிக்கல் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்து; ஆறு முயற்சிக்கு முப்பது கட்டம். எழுத்துகளைக் கழித்துக் கழித்தே விடைக்கு வந்துவிடலாம். தமிழிலோ 247. 'க' இட்டவருக்கு விடையில் 'கா' இருந்தால் அது சரியா, பிழையா? மெய் சரி, உயிர் பிழை என்று விளையாட்டு பிரித்துச் சொன்னாலொழிய ஆடமுடியாது. அப்படிப் பிரித்தால் உயிர் 12, மெய் 18, ஆக முப்பது. தொல்காப்பியர் எழுத்தென்று எண்ணியதும் அந்த முப்பதுதான். ஆங்கில விளையாட்டைப் பெயர்க்கப்போனவர்கள் நம் இலக்கணத்தின் முதற்பாடத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. கிரந்த எழுத்துக்கு அங்கே இடமில்லை என்றால் ஹஜ்ஜும் ஜனாஸாவும் வாசலிலேயே நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எழுத்தை விடவும் பெரிய தடை பட்டியல். சிலாவத்துறையிலிருந்து மன்னாருக்கு வரும் பஸ் வங்காலையைத் தொட்டுத்தான் வரும். சென்ற வருடம் ஒருநாள் அந்த பஸ்ஸில், எனக்கு முன் ஆசனத்திலிருந்த முசலிப் பக்கத்து முஸ்லிம் மாணவி ஒருத்தி இப்படியொரு தமிழ்ப் புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வங்காலையில் ஏறி அவளருகில் அமர்ந்த வயதான அம்மா, கழுத்தில் செபமாலை, கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, "சம்மாட்டி எண்டு போட்டுப் பாருங்க பிள்ளை" என்றார். ச, ம், மா, ட், டி. ஐந்தெழுத்து. போட்டாள். அப்படியொரு சொல் இல்லை என்றது கைத்தொலைபேசி. "மாவை ம ஆக்கிப் பாப்பம் ஆச்சி" என்று மாற்றினாள். சம்மட்டியை உடனே ஏற்றுக்கொண்டது.

இரும்படிக்கும் சம்மட்டி தமிழ்; வள்ளமும் வலையும் வைத்துப் பத்துப் பேருக்குத் தொழில் கொடுக்கும் சம்மாட்டி தமிழல்ல! அந்த அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. வங்காலைக் கத்தோலிக்கருக்கும் முசலி, எருக்கலம்பிட்டி முஸ்லிம்களுக்கும் கோயிலும் பள்ளியும் வேறு. கடலும் காற்றும் அவற்றுக்கான சொற்களும் ஒன்று. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வீடு, வள்ளம், நகை போன கணக்கை நாம் எழுதியிருக்கிறோம். புத்தளத்து முகாம்களில் பிறந்து 2009க்குப் பிறகு திரும்பி வந்த பிள்ளைகளிடம் இக்கரையின் எத்தனை சொற்கள் வந்து சேரவில்லை என்ற கணக்கை எழுதவில்லை. அந்த மாணவி சம்மாட்டியை அன்று பஸ்ஸில்தான் கேட்டாளோ என்னவோ. கேட்ட கணமே, இல்லை என்ற தீர்ப்பையும் கேட்டாள்.

அகராதியில் இல்லாததை விளையாட்டு எப்படித் தரும் என்று வாதிடலாம். அந்த வாதம் நிற்காது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, முஸ்லிம் வழக்கென்று தனிக்குறியிட்டே சொற்களைத் தந்திருக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கை வழக்குகளைக் குறியிட்டுச் சேர்த்துக்கொண்டது. அப்பணியில் நம் எம். ஏ. நுஃமானுக்கும் பங்குண்டு. அகராதிக்காரர்களின் தாராளம் புதிர்க்காரர்களிடம் இல்லை. அவர்களின் பட்டியல்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள் தமிழிலிருந்து திரட்டப்பட்டவை போலவே தோன்றுகின்றன. இதில் சதியொன்றும் இல்லை. பாலக் ஷா தனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டது போல அவர்களும் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நம்மைத் தெரியாது, அவ்வளவுதான்.

எனவே முறைப்பாடு எழுதுவதை விடப் புதிர் எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்கு வேர்டலை விடக் குறிப்புவழிக் குறுக்கெழுத்து தகுந்த வடிவம். அங்கே கேள்வி மறுபடியும் வாசகமாகிறது, ஆசிரியர் வெளியே வருகிறார். அமெரிக்கத் தமிழரின் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள், தமிழின் புணர்ச்சியையும் சிலேடையையும் கொண்டு இதைத் திறம்படச் செய்யலாம் என்று காட்டின. யமகமும் திரிபும் பாடிய புலவர்கள் நம்மவரிலும் இருந்தார்கள். அந்தச் சாமர்த்தியம் எங்கும் போய்விடவில்லை. 'நாணத்தின் முதல் மெய்யை விட்டால் சோற்றுக்கு ஊற்றலாம்' என்று ஒரு குறிப்பு எழுதினால், நம் வீட்டுப் பிள்ளை ஆணம் என்று உடனே சொல்லிவிடும். மற்றவர் யாரிடமாவது கேட்டுத்தான் ஆகவேண்டும். 'அழகாகச் சொன்னால் தொழ வருவார்கள்' என்றால் பாங்கு. நெல்லையிலோ மலேசியாவிலோ இருக்கும் முஸ்லிமல்லாத தமிழரும் பாங்கின் ஒரு பொருளை அறிவார். மற்றப் பொருளை அறிய நம் பள்ளி வாசல்வரை வருவார்.

வங்காலை அம்மாவும் முசலி மாணவியும் சேர்ந்தே விடுவிக்கக்கூடிய ஒன்றையும் இங்கே தந்துவிடுகிறேன். நான்கெழுத்து. மேற்கிலிருந்து வீசினால் வள்ளம் இறக்கத் தயங்குவார்கள். வறுத்துச் சுருளில் கட்டினால் பஸ் நிலையத்தில் வாங்கிக் கொறிப்பார்கள். விடையை அடுத்த இதழுக்கு முன் எழுதியனுப்பலாம்.