தேடுபொறியும் தராசும்

பாலவனத்தம் என்றவுடன் தமிழன்பர் நெஞ்சில் எழுவது பாண்டித்துரைத் தேவரின் திருப்பெயர். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அப்பெருந்தகை. குறட்பாக்களை மனம்போல் திருத்தி அச்சிட்டார் ஓர் ஆங்கிலேயர். அப்படிகள் அனைத்தையும் தேவர் விலைகொடுத்து வாங்கி அழித்தார் என்பது வழிவழி வழங்கும் செய்தி. அங்கே ஒரு பதிப்பு மறைந்தது. மறைத்தவர் யார், ஏன் மறைத்தார் என்பதும் மறையவில்லை.

இன்றைய தேடுபொறிகளின் நிலை வேறு. நம் பிள்ளைகள் சீறாப்புராணத்தைத் தேடுகின்றனர். ஒன்றில் முன்னிற்கும் பக்கம் மற்றொன்றில் காணப்படுவதில்லை. உடனே, "நம் இலக்கியத்தை வேண்டுமென்றே வடிகட்டுகின்றனர்" என்கிறோம். இவ்வையம் அடிப்படையற்றதன்று. சீன அரசின் விருப்பத்திற்கிணங்க 2006 முதல் 2010 வரை கூகுள் அங்கே முடிவுகளை வடிகட்டித் தந்தது உலகறிந்த உண்மை. ஆயினும், ஐயம் தீர்ப்பாகிவிடாது.

வெறுந்தட்டுகள் சமனாக நிற்கின்றனவா என்று பார்த்த பின்னரன்றோ தராசில் பண்டம் வைக்கிறோம்? ஒப்பீட்டிற்கும் அதுவே முறை. ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே நேரம், ஒரே ஊர் வேண்டும். 'சீறாப்புராணம்' என ஓரிடத்தும் 'சீறாபுராணம்' என வேறிடத்தும் தேடினால் முடிவுகள் மாறக்கூடும். 2009 இறுதி முதல், கணக்கில் நுழையாதவர்க்கும் முன்தேடல்களை வைத்தே கூகுள் முடிவுகளை அமைக்கத் தொடங்கியது. ஆதலின் பழைய தடங்களை நீக்கிவிட்டுத் தேடுதல் நலம். டக்டக்கோ தன் முடிவுகளைப் பெரும்பாலும் பிங்கிலிருந்தே பெறுகிறது. அவ்விரண்டும் ஒத்துரைப்பதை இரு சாட்சிகளாகக் கொள்ளலாகாது.

யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. வீரமாமுனிவரின் தேம்பாவணியையும், ஏதேனும் ஒரு தலபுராணத்தையும் அவ்வாறே தேடிப் பார்க்க வேண்டும். அவையும் பின்தங்கினால், குறை நம்மீதுள்ள பகைமையன்று. இணையத்தில் பழந்தமிழ் நூல்களுக்குள்ள பொதுவறுமையே. அவை முன்னின்று, நம் நூல் மட்டும் பல நாள், பல ஊர்களிலிருந்து தேடியும் அகப்படாவிடின், அப்போது கேள்வி கேட்க நமக்கு உரிமையுண்டு. அப்போதும், 'நீக்கினீரா, சேர்க்காமல் விட்டீரா?' என்றே முதலில் வினவ வேண்டும்.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சீறாப்புராணத்தையும் மின்னூலாக்கி வழங்கியுள்ளது. நம் வீட்டுப் பேழைகளில் உறங்கும் கிஸ்ஸாக்களும் மாலைகளும் எத்தனை? ஏற்றப்படாத நூலை எப்பொறியும் காட்டாது. பிறர் வடிகட்டியைச் சோதிக்குமுன் நம் பேழையைத் திறப்போமாக.