ராஜமகாலின் முழு நீளம்

திருப்பதியை அடுத்த சந்திரகிரிக் கோட்டையின் ராஜமகாலைக் கைபேசியில் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது வைட் லென்ஸை. எனக்கு அது வீண் செலவாகவே படுகிறது. இன்று பெரும்பாலான கைபேசிகளில் அல்ட்ரா வைட் கேமரா கூடவே வருகிறது. அதற்கு மேலும் அகலம் கூட்டினால் மூன்று மாடி மாளிகை சுருங்கி, பின்னால் நிற்கும் பாறைக் குன்று கூழாங்கல் குவியலாகிவிடும். கைபேசியால் தானாகச் செய்ய முடியாததைச் செய்கிற லென்ஸுக்கே காசு கொடுக்கலாம். என் கணக்கில் அவை இரண்டு: அனமார்ஃபிக், மேக்ரோ.

1.33 மடங்கு அனமார்ஃபிக் லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கி உள்ளே அனுப்புகிறது. எடுத்த கையோடு பார்த்தால் ஆட்களெல்லாம் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். செயலியில் விரித்துவிட்டால் 16:9 சட்டகம் ஏறக்குறைய 2.37:1 ஆகிவிடும். நம் தியேட்டர்களில் பார்த்த சினிமாஸ்கோப் அதுதான். தமிழில் 1973-இல் ‘ராஜராஜ சோழன்’, தெலுங்கில் 1974-இல் ‘அல்லூரி சீதாராம ராஜு’ என முதல் ஸ்கோப் படங்கள் வந்தபோது பெரிய கேமராக்களை நம்பியிருந்த வித்தை, இப்போது சட்டைப் பைக்குள் அடங்குகிறது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டும் இதே வடிவத்தைக் கொண்டுவரலாம். ஆனால் படத்தின் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்பட்டுப் போகும்.

ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’ (2015) படத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஐபோன் 5எஸ்ஸில் மூன்டாக் லேப்ஸ் அனமார்ஃபிக்கை மாட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களை அவர் அப்படி விரித்துக் காட்டினார்.

ராஜமகால் இந்தச் சட்டகத்துக்கென்றே கட்டியது போல இருக்கிறது. கட்டுமானத்தில் மரம் சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்பு கொண்டு விஜயநகரத்தார் எழுப்பியது. இன்று தொல்லியல் அருங்காட்சியகம். சற்றுத் தள்ளி நின்றால் வளைவுகளின் வரிசை முழு நீளத்துக்கும் ஓடும், குன்றும் தன் உருவம் குலையாமல் நிற்கும். திருப்பதிக்குத் திரும்பும்போது இருட்டியிருந்தால், எதிரே வரும் ஆட்டோவின் விளக்கு திரைக்குக் குறுக்கே நீலக் கோடாக நீளும். அந்தக் கோடு அளவோடு விழும் லென்ஸே எனக்குப் பிடிக்கும். எல்லா விளக்குக்கும் வாள் வீசுகிற லென்ஸில் ஊர் காணாமல் போய்விடுகிறது.

வாங்கும்போது கிளிப் வைத்துக் கவ்வுகிற ரகத்தை விட்டுவிடுங்கள். கைபேசி உறையிலேயே திருகிப் பூட்டுகிற ரகம்தான் மையம் தவறாமல் உட்காரும். அனமார்ஃபிக் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் தூண்கள் சாய்ந்துவிடும். கடையிலேயே செங்கல் சுவரையோ ஷட்டர் கதவையோ எடுத்து, படத்தின் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிச்சம் மாறினால் கைபேசி தானாக வேறு கேமராவுக்குத் தாவும் என்பதால், கேமராவைப் பூட்டிவைக்கும் செயலியும் தேவை. சந்திரகிரி வெயிலுக்கு, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்றும் வேண்டும். சினிமா போன்ற அசைவுக்காக ஷட்டர் வேகத்தை 1/48 நொடியில் நிறுத்த, திறப்பு மாறாத கைபேசி லென்ஸுக்கு அதைவிட்டால் வழி குறைவு.

மேக்ரோவின் அருமை காளஹஸ்தியில் கலம்காரி வரையும் இடத்தில் தெரியும். கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில், கம்பளி சுற்றிய மூங்கில் பேனா, வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய கறுப்பு மையை விட்டுச் செல்கிறது. வெறும் கண்ணுக்குத் தீர்க்கமான ஒற்றைக் கோடு. மேக்ரோவிலோ மை ஒவ்வொரு இழையின் முதுகிலும் ஏறி இறங்குவதும், இழைகள் குறுக்கிடும் இடத்தில் ஒரு மயிரிழை கசிந்து நிற்பதும் தெரிகின்றன. கைபேசியோடு வரும் மேக்ரோ முறைக்குப் பெரும்பாலும் துணியை ஒட்டியே போக வேண்டும். நம் நிழலே கோட்டின் மேல் விழும். அதனால் 75, 100 மி.மீ. என்று விற்கும் மேக்ரோவையே பாருங்கள். சற்றே விலகி நிற்கலாம், வரைகிறவரின் கைக்கும் இடைஞ்சல் இல்லை. சின்ன முக்காலியில் நிறுத்தி, ஃபோகஸைப் பூட்டிவிட்டு, பேனா சட்டகத்துக்குள் வரும்வரை காத்திருங்கள்.