மந்திர மலையின் உணவுக்கூடம்

மலையேறி, மூச்சைப் பயின்று, கண்மூடித் தியானித்து, அளவறிந்து பரிமாறப்படும் உணவை உண்டு புத்துயிர் பெறுவதற்கென நலவாழ்வு விடுதிகள் இன்று பல நாடுகளில் எழுந்துள்ளன. அவற்றின் உட்பொருளை அறிய விரும்புவோர் விளம்பர ஏடுகளைப் புரட்டுவதிலும் பார்க்க, ஜேர்மன் நாவலாசிரியர் தோமஸ் மான் 1924இல் வெளியிட்ட 'மந்திர மலை'யை வாசிப்பது பயன்தரும்.

சுவிற்சலாந்தில் டாவோஸ் மலையிலுள்ள சயரோக விடுதியே நாவலின் களம். 1912இல் அங்கு சிகிச்சை பெற்ற மனைவியைக் காணச் சென்ற மானின் சில வார அனுபவமே இதற்கு வித்து. கதாநாயகன் ஹான்ஸ் காஸ்டோர்ப் கப்பல் கட்டும் தொழில் பயின்றவன். நோயுற்ற உறவினனுடன் மூன்று வாரம் தங்க வந்தவன் ஏழாண்டுகள் தங்கிவிடுகிறான். நாளுக்கு ஐந்து வேளை உணவு. இடையில் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையிற் போர்வைக்குள் அசையாது கிடத்தல். அக்கிடையே அவனுக்குத் தியானமாகிறது. தன் சிந்தனையோட்டத்துக்கு 'ஆட்சி செய்தல்' என்றே அவன் பெயரிடுகிறான். ஒரு கப்பலையேனும் கட்டாதவனின் ஆட்சி!

நாவலின் புகழ்பெற்ற தர்க்கமொன்றில், மத்தியகாலத் துறவி பேர்னாட் வகுத்த மூன்று படிகளை நாப்தா எடுத்துரைக்கிறான். கீழ்ப்படி ஆலையில், இடைப்படி உழுநிலத்தில், மேற்படி ஓய்வுப் படுக்கையில். செட்டெம்பிரினியோ உழைப்பின் பெருமையை முழங்குகிறான். கருத்துக்களின் மோதலாகவே விமர்சகர் பலர் இதனைப் போற்றுவர். ஆனால் செட்டெம்பிரினி விடுதிச் செலவைத் தாங்கமாட்டாது வெளியேறி, தையற்காரன் வீட்டின் மேலறையில் வாழ்பவன். காஸ்டோர்ப் முதுசத்தின் வட்டியில் வாழ்பவன். யார் எங்கே படுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது தத்துவமன்று என்பதைச் சொல்லாமற் சொல்லிய இடத்திலேயே மானின் யதார்த்தம் உச்சம் பெறுகிறது.

எனினும் அந்தப் பார்வை உணவுக்கூடத்தைத் தாண்டவில்லை. பிற்பகுதியில் வரும் பீப்பர்கோர்ன் வாழ்வின் பேராற்றலுக்கே உருவகம் என்பர். நள்ளிரவு விருந்தில் அவன் முன்னே எல்லோரும் சிறுத்துப்போகின்றனர். அவன் யார்? சாவகத் தீவில் கோப்பித் தோட்டம் நடத்திய ஒல்லாந்தன். மலையகத் தோட்டங்களை அறிந்த நமக்கு அந்த விருந்தின் செலவு எங்கிருந்து வந்ததென விளங்கும்; நாவலோ அதனைத் தொடுவதில்லை. சமையற்கூடத்துள்ளும் மான் எம்மை அழைத்துச் செல்வதில்லை. ஐந்து வேளையும் அடுப்பின்முன் நின்றவர் எவர் என்ற கேள்வியே எழவில்லை.

இக்குறையால் நாவல் சிறுமையுறுகிறது என்பதல்ல என் கருத்து. 1914இற் போர் மூண்டதும் விருந்தினர் அலறியடித்துக் கீழிறங்க, ஏழாண்டுகள் போர்வைக்குள் கிடந்தவனைப் போர்க்களச் சேற்றில் விட்டுவிடுகிறார் ஆசிரியர். அது சற்றும் ஈவிரக்கமற்ற முடிவு. சரியான முடிவும் அதுவே. ஆனால் அந்தக் கூடத்திற் பரிமாறிய, உருவிற் குள்ளமான எமெரென்ஷியா என்ற பெண், மேசைகள் வெறுமையான அன்று எங்கே போனாள்?