பூங்காவும் பெயர்சூட்டும் உரிமையும்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிப் புறப்படும் மின்சார ரயிலில் ஏறி அமர்ந்த ஒருவர், ஸ்டேஷன் பலகைகளை மட்டும் கவனித்துக்கொண்டு பிரயாணம் செய்வாராகில், இடங்களுக்குப் பெயர் அமைகிற விதத்தைப் பத்தே நிமிஷங்களில் ஓரளவு அறிந்துகொள்ளலாம். முதலில் வருவது சானடோரியம். க்ஷயரோகிகளுக்காக டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் ஸ்தாபித்த ஆரோக்கிய நிலையம், அரசாங்கத்தின் நெஞ்சக நோய் மருத்துவமனையாகிப் பல தசாப்தங்கள் கழிந்த பின்னும், தன் பழைய பெயரை ஸ்டேஷனுக்கும் சுற்றுப்புறத்துக்கும் விட்டுவைத்திருக்கிறது. அடுத்தது குரோம்பேட்டை. தோல் பதனிட்ட ஒரு கம்பெனியின் பெயரில் பாதியும் ‘பேட்டை’ என்ற பழஞ்சொல்லும் ஒட்டிக்கொண்டு உருவான அது, புலவர் ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் சூட்டியிருக்கக்கூடிய பெயரன்று. ஆயினும் அதை மாற்ற வேண்டும் என்று அங்கே வசிப்பவர் எவரிடமேனும் சொல்லிப் பார்த்தால், அவர் முகம் போகிற போக்கைக் காணலாம்.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி, எழுபது வார்டுகளைக் கொண்ட தாம்பரம் மாநகராட்சி தோன்றியது. பல்லாவரமும் பம்மலும், சிட்லபாக்கமும் மாடம்பாக்கமும் ஒரே குடைக்கீழ் வந்துவிட்ட இந்தப் பிரதேசத்தின் நடுவே ஒரு பூங்கா அமையுமாயின், அதன் பெயரை ஜனங்களிடமே கேட்டுத் தீர்மானிப்பது உசிதம் என்ற அபிப்பிராயம் கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அதில் சாரம் எவ்வளவு, சக்கை எவ்வளவு என்பதே விசாரிக்கத்தக்க விஷயம்.

மேலிருந்து இறங்கிவரும் பெயர்களே நமக்குப் பழக்கமானவை. சென்னையில் பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் இருந்த இடத்தில் 2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவின் பெயர் நாவில் நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவையோ பலர் இன்றும் அடையாறு பூங்கா என்றே சொல்லுகிறார்கள். 1985-இல் திறந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், ‘வண்டலூர் ஜூவுக்குப் போகிறோம்’ என்பதில் அண்ணாவிடம் அவமரியாதை ஏதும் கிடையாது. பஸ் எங்கே நிற்கும் என்பதே அவர்களுடைய கவலை. யாழ்ப்பாணத்தில் 2025 ஜனவரியில் நடந்ததோ இதைவிடக் கூர்மையானது. இந்திய உதவியில் எழுந்த யாழ்ப்பாணப் பண்பாட்டு மையத்துக்குத் திருவள்ளுவரின் பெயர் சூட்டப்பட்டபோது, வள்ளுவரை வேண்டாம் என்பதற்குத் தமிழர் யார் முன்வருவார்? ஆனால் பலகையிலிருந்து யாழ்ப்பாணம் மறைந்தது மனஸ்தாபத்தை விளைவித்தது. பின்னர் ஊர்ப் பெயரும் வள்ளுவர் பெயரும் சேர்ந்தே நின்றன. எத்தனை உத்தமமான பெயராயினும், கேளாமல் வைத்தால் அது பிறர் வீட்டுக் குழந்தைக்கு நாம் பெயரிடுவது போலாகும்.

ஆகவே கேட்பதே நியாயம். எனினும் எவரைக் கேட்பது, எப்பொழுது கேட்பது என்னும் இடத்தில்தான் இந்த முறை பெரும்பாலும் சறுக்குகிறது. நமீபியாவிலிருந்து குனோ வனத்துக்கு வந்த சிவிங்கிப்புலிகளுக்குப் பெயர் சொல்லும்படி 2022 செப்டம்பரில் பிரதமர் வானொலியில் கேட்டுக்கொண்டதை அடுத்து நடந்த போட்டிக்கு 11,565 யோசனைகள் வந்து குவிந்தன. உற்சாகத்துக்குக் குறைவில்லை; ஆனால் அனுப்பியவர்களில் எத்தனை பேர் அந்த வனத்தின் ஓரத்தில் ஆடு மேய்ப்பவர்கள்? 2016-இல் பிரிட்டிஷார் தங்கள் துருவ ஆராய்ச்சிக் கப்பலுக்குப் பெயர் கேட்டபோது, தமிழில் ‘படகுமூஞ்சிப் படகப்பன்’ என்று சொல்லத்தக்க ஒரு விளையாட்டுப் பெயர் முதலிடம் பெற்றுவிட்டது. கப்பலுக்கு டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டி, ஜனங்கள் தேர்ந்த பெயரை ஒரு சிறு நீர்மூழ்கிக்குக் கொடுத்து அதிகாரிகள் சமாளித்தார்கள். ஜனங்களின் குறும்பை நான் பெரிய குற்றமாகக் கருதவில்லை; கப்பலில் ஏறப்போகாதவனிடம் கப்பலின் பெயரைக் கேட்டால் அவன் வேறு என்ன செய்வான்?

நம் ஊரில் அபாயம் குறும்பன்று, திரட்சி. கைப்பேசியில் ஓட்டு என்று அறிவித்த மறுகணமே ரசிகர் மன்றமும் கட்சிக் கிளையும் சாதிச் சங்கமும் தத்தம் வாட்ஸ்அப் குழுக்களை முடுக்கிவிடும். காலையில் பூங்காவில் நடைபழகப்போகும் ஓய்வுபெற்ற ஆசிரியரும், வாசலில் பூ விற்கப்போகும் அம்மாளும் அந்தக் கணக்கில் இரண்டு ஓட்டுக்கு மேல் பெறமாட்டார்கள்.

அப்படியானால் குரோம்பேட்டை பிறந்தது போல, பெயரை வழக்கின் போக்கிலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் சிலகாலம் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் ஜனவழக்கு என்பது நிர்மலமான ஊற்றன்று. ஒரு தெருவில் வசிப்பவர்களின் ஜாதியையே அத்தெருவின் முகவரியாக்கியதும், ‘காலனி’ என்ற சாதாரணச் சொல்லைத் தீண்டாமையின் அடையாளமாகத் திரித்ததும் அதே வழக்குத்தான். 2025 ஏப்ரலில் அச்சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாகச் சட்டசபையில் அறிவிக்க நேர்ந்ததும், அதே ஆண்டு அக்டோபரில் தெருப் பெயர்களிலிருந்து சாதியை அகற்ற ஆணை பிறந்ததும் அதனால்தான். அதிகாரம் கைவைத்தே தீரவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு.

சிங்கப்பூரில் ரயில் நிலையங்களுக்குப் பெயர் வைக்கும்போது, முதலில் பொதுமக்களிடம் யோசனை கேட்டு, அவற்றைச் சலித்தெடுத்து, எஞ்சிய சிலவற்றையே வாக்கெடுப்புக்கு விட்டிருக்கிறார்கள். சலிப்பவர் யார் என்பதில்தான் அம்முறையின் பலமும் பலவீனமும் அடங்கியிருக்கின்றன. நமக்கோ அதற்கேற்ற சல்லடை கைவசமே இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பம்மலில், வார்டுவாசிகள் கூடும் பகுதி சபைக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்து குடிநீர், சாலை பற்றிய குறைகளைக் கேட்டார். குழாயைப் பற்றிப் பேசுகிற அதே சபை பூங்காவின் பெயரைப் பற்றியும் பேசினால், அங்கே ஓட்டு எண்ணப்படுமுன் காரணம் சொல்லப்பட வேண்டியிருக்கும். எதிரில் அமர்ந்திருக்கும் அண்டைவீட்டாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சாதித் தலைவரின் பெயரை முன்மொழிவது, கைப்பேசியில் விரலால் தொடுவதைப்போல் அத்தனை சுலபமன்று.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திறப்புவிழாவுக்குக் கல்வெட்டு தயாராக வேண்டும் என்பதற்காகவே, மரம் நிழல் தருமுன் பெயர் கேட்கிறோம். நிழலில் உட்காராதவர்களுக்குத் தலைவர்களின் பெயரன்றி வேறென்ன தோன்றும்? முதல் வருஷம் பலகையில் வார்டு எண்ணை மட்டும் எழுதிவைத்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்த பிறகு சபையைக் கூட்டட்டும். அதற்குள் ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும், சபையின் முன் வைக்கும் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.