வாப்பா இருக்கும்போதே எழுதும் வீடு

நிந்தவூரில் சொத்துப் பிரிப்பு ஜனாஸாவுக்குப் பிறகு தொடங்குவதில்லை. மூத்த மகளின் நிக்காஹோடு தொடங்கிவிடுகிறது. சம்பந்தம் பேசும்போதே வீடும் வளவும் அவள் பெயருக்கு என்று முடிவாகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வளவின் ஓரத்தில் இன்னொரு சிறிய வீட்டுக்கு மாறுவார்கள். இளையவளுக்குக் காலம் வந்தால் அதுவும் போகும். தாய்வழிக் குடிமுறையோடு சேர்ந்து, தமிழர் முஸ்லிம் என்ற வேறுபாடில்லாமல் இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையோரம் முழுதும் நிலைத்த வழக்கம் இது. மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்து 2008இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

இதன் பலம் பெரியது. மணமுறிவு வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுபவர் கணவர். பெண்ணும் பிள்ளைகளும் தங்கள் கூரைக்கீழேயே இருப்பார்கள். தென்னாசியாவில் எத்தனை பெண்களுக்கு இந்தத் தைரியம் உண்டு? 2004 சுனாமிக்குப் பிறகு அதன் அருமை இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. 'குடும்பத் தலைவர்' என்ற நிரல் கொண்ட படிவத்தோடு வந்த வீட்டுத் திட்டங்கள் பல இடங்களில் புது வீட்டை ஆணின் பெயருக்கே கொடுத்தன. தலைமுறைகளாகப் பெண்வழியில் வந்த உரிமை ஒரு படிவத்தில் கைமாறியது.

ஆனால் வீடு மகளுக்குப் போவது அவள் மகள் என்பதற்காக மட்டும் அல்ல. வீடு இல்லாமல் மாப்பிள்ளை கிடையாது என்பதற்காகவும்தான். அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. கொடுப்பவரின் விருப்பமாக இருக்க வேண்டிய ஹிபா என்ற அன்பளிப்பு, சம்பந்தக்காரரின் நிபந்தனையாகிவிடுகிறது. லாத்தாவின் வீட்டுக்குக் கூரை போட மத்திய கிழக்கில் வேலைசெய்த தம்பிக்கு அந்த வீட்டில் பங்கே இல்லை. அவனுக்கு அவன் மனைவி வீடு இருக்கிறது என்பார்கள். அவளுடைய வாப்பாவிடம் வளவு இல்லாவிட்டால்? பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக நிற்க நபிகள் நாயகம் மறுத்த செய்தி நம் பள்ளிவாசல்களில் அடிக்கடி சொல்லப்படுவதுதான். உறுதி எழுதும் நாளில் அதை யாரும் நினைப்பதில்லை.

அடுத்த குறை காகிதத்தில் இருக்கிறது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் இறங்குரிமைச் சட்டப்படி, மீளப்பெற முடியாதது என்று உறுதியில் எழுதாத நன்கொடை மீளப்பெறக்கூடியதாகவே கொள்ளப்படும். மகளின் பாதுகாப்பு அந்த ஒரு வரியில் இருக்கிறது. பெற்றோரின் பாதுகாப்பு, சாகும்வரை அங்கே குடியிருக்கும் உரிமையான சீவிய உரித்தில் இருக்கிறது. இரண்டையும் நொத்தாரிசிடம் கேட்டு வாங்குவோர் குறைவு.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வாப்பா மௌத்தாகி, உம்மா மகளோடு இருக்கிறார். சீவிய உரித்து எழுதவில்லை. மகள் ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகளை விட்டு இறந்துவிடுகிறாள். இஸ்லாமிய வாரிசுப் பங்கீடான ஃபராயிழ்படி கணவருக்கு நாலில் ஒன்று, உம்மாவுக்கு ஆறில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்கு. தான் கட்டிய வீட்டில் அந்த மூதாட்டி ஆறில் ஒரு பங்குக்காரர். மருமகன் மறுமணம் செய்தால் அந்த உம்மாவின் நிலை என்ன? வாய்ச்சொல்லால் கொடுத்து உறுதி முடிக்காத வீடென்றால் சிக்கல் வேறு பக்கமாகத் திரும்பும். வாப்பாவின் மௌத்தோடு அது எல்லோருக்குமான மீராஸ் ஆகும். காக்காவும் தம்பியும் பங்கு கேட்டு வருவார்கள், கேட்பதில் தவறும் சொல்ல முடியாது.

ஃபராயிழ்படியே பிரித்துவிட்டால் போதும் என்று வாதிடும் உலமாக்கள் உண்டு. அதன் நீதியை நான் மறுக்கவில்லை. ஆனால் சில பேர்ச் வளவை எட்டுப் பங்காக்கினால் யாருக்கும் வீடு மிஞ்சாது. முதலில் தெருவுக்கு வருபவள் பெண்தான். ஆகவே வீடு மகளுக்கே போகட்டும், அவள் தனிப் பெயரில், மீளப்பெற முடியாததாக, உம்மா வாப்பா இருவரின் சீவிய உரித்தோடு. வயலோ கடையோ இருந்தால் மகன்மாரின் பங்கை அதில் ஈடுகட்டி, அதையும் அதே நாளில் எழுதலாம். எழுதும் தேதியைச் சம்பந்தக்காரர் குறிக்கக் கூடாது. வீட்டை நிபந்தனையாக்கிய சம்பந்தத்துக்கு நிக்காஹ் நடத்தித் தர மறுக்கும் துணிவு பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு வர வேண்டும்.