பூமலையில் இப்போது என்ன பருவம்?

சில ஆண்டுகளுக்கு முன் எழுதிய என் கவிதை ஒன்றை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். ‘பூமலை, சிம்பொனி ஏரிக்கரையில் எழுதியது’ என்று கீழே ஒரு குறிப்பு வேறு. கவிதையில் மார்கழிப் பனி இருக்கிறது. வசந்தத்தை அறிவிக்கும் குயில் இருக்கிறது. கடைசி வரியில் ஒரு சருகு இலையுதிர்காலத்தை நினைத்தபடி விழுகிறது. ஏரி மட்டும் இல்லை. அன்றைக்குப் பெய்த மழையும் இல்லை. டிசம்பர் மாதம் அது. அந்தப் பனியை நான் குடைக்குள் உட்கார்ந்துதான் எழுதியிருக்க வேண்டும்.

என் தனிப்பட்ட அசட்டுத்தனம் என்று இதை விட்டுவிடலாம்தான். ஆனால் இங்கே வாசிப்புக் கூட்டங்களில் கேட்கிற கவிதைகளிலும், இணையத்தில் நண்பர்கள் பகிர்கிற கவிதைகளிலும் இதே பருவங்கள்தான் மாறி மாறி வருகின்றன. பனி தமிழ்நாட்டிலிருந்து வந்தது. உதிரும் சிவப்பு மேப்பிள் இலை எங்கோ பார்த்த நாட்காட்டிப் படத்திலிருந்து வந்தது. கவிஞர் இருப்பதோ பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய ஒரு பாகை வடக்கே. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூட இல்லாத ஊரில்.

இதைக் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, “கவிதையில பருவம்னா அது மனசோட பருவம், வானிலை அறிக்கை கிடையாது.” இன்னொன்று, “இங்க ஏது பருவம்? வெயில், மழை, ஏர்கோன். அவ்வளவுதான்.” இரண்டையும் நானே சொல்லியிருக்கிறேன். இரண்டுமே சோம்பேறித்தனம் என்று இப்போது தோன்றுகிறது. என்னைத் திருத்தியது எந்த விமர்சகரும் இல்லை, அந்தப் பூங்காதான்.

1859-இல் தொடங்கப்பட்டு, 2015-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற பூமலை ஏறக்குறைய 82 ஹெக்டர் பரப்புள்ளது. காலை ஐந்து மணிக்குத் திறந்து நள்ளிரவில் மூடுகிறார்கள். உள்ளே போகக் காசு கிடையாது. ஓர் ஆண்டு முழுக்க ஒரே பாதையில் நடந்தால் ‘இங்க ஏது பருவம்’ என்ற வாக்கியத்தை அப்புறம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் விடாமல் பெய்யும். புல்தரையில் கால் வைத்தால் சேறு. பிப்ரவரியில் அதே காற்று வறண்டுவிடும். புல் பழுப்பாகும். கெத்தாப்பாங் மரம், அதாவது நம்மூர் நாட்டு வாதுமை, இலையெல்லாம் சிவந்து கொட்டும். பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை அப்படிக் கொட்டும். மார்ச், ஏப்ரலில் வறட்சிக்குப் பின் மழை விழுந்ததும் ஊரெங்கும் டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூக்கும். எல்லோரும் கைத்தொலைபேசியோடு ஓடி வந்து ‘சிங்கப்பூர் சக்குரா’ என்பார்கள். மரம் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது, பெயர் ஜப்பானிலிருந்து எடுத்தது. இரவல் பருவம் வாங்குவது தமிழ்க் கவிஞர்கள் மட்டும் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

பிறகு பிற்பகல் இடி மின்னல் மாதங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. விடியலுக்கு முன்னே சுமத்ராவிலிருந்து புயல்காற்று பாய்ந்து வந்து அரைமணியில் மரக்கிளைகளை முறித்துப் போட்டுவிட்டுப் போகும். சில ஆண்டுகளில் அதே திசையிலிருந்து காட்டுத்தீயின் புகைமூட்டம் வரும். 1997, 2013, 2015 ஆண்டுகளின் புகையை இங்கே வாழ்ந்த யாரும் மறக்கமாட்டார்கள். செப்டம்பரில் வடக்கேயிருந்து வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். மறுபடி இடி, மறுபடி மழை, மறுபடி டிசம்பர்.

இவ்வளவு நடக்கிற ஊரில் குயிலை வைத்து வசந்தத்தை அறிவிப்பது எவ்வளவு பெரிய தவறு என்று பாருங்கள். தமிழ்க் கவிதையில் குயில் கூவினால் இளவேனில். சிங்கப்பூரில் குயில் கூவினால் விடிகாலை ஐந்து மணி. அடுக்குமாடி வீடுகளில் தூக்கம் கெடுகிறது என்று புகார் கொடுக்கிறார்கள். காகத்தின் கூட்டில் முட்டையிடும் பறவை அது. காகம் பெருகிய நகரத்தில் குயிலும் பெருகியது. வசந்தத்தின் தூதன் புகார்க் கடிதத்தின் பொருளாகிவிட்ட இந்த இடத்தில்தான் நமக்கான கவிதை இருக்கிறது. நானோ ஏரிக்கரையில் அந்தக் குயிலைக் கேட்டுவிட்டு, படித்த குயிலை எழுதினேன்.

நம் மரபே நம்மை இப்படி எழுதச் சொல்கிறது என்று நினைப்போர் தொல்காப்பியத்தை இன்னொரு முறை பார்க்கலாம். பெரும்பொழுது ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என்று ஒதுக்குகிற இலக்கண மரபு, மருதத்தையும் நெய்தலையும் எந்த ஒரு பருவத்துக்கும் கட்டிப்போடவில்லை. அவற்றுக்கு ஆறு பருவமும் உரியவை. அங்கே முக்கியமாவது சிறுபொழுது. மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு. வயல் சூழ்ந்த ஊரும் கடற்கரையும் மாதத்தால் இல்லாமல் வேளையால் அறியப்படும் நிலங்கள். தீவாகவும் நகரமாகவும் இருக்கிற ஓர் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எங்கே கிடைக்கும்?

பூமலையில் இதை நேரில் பார்க்கலாம். ஐந்து வெள்ளி நோட்டின் பின்புறம் இருக்கிற தெம்புசு மரம் அங்கேதான் நிற்கிறது, தாழ்ந்த கிளையைத் தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டு. தெம்புசு பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை பூக்கும். ஆனால் பகலில் அந்தப் பக்கம் போகிறவருக்கு அது பூத்திருப்பது தெரியாமலே போகலாம். சிறிய வெளிர்மஞ்சள் பூ, உயரத்தில், இலைக்கு நடுவில். பொழுது சாய்ந்த பிறகுதான் வாசனை இறங்கும், அதுவும் பாதையே நிறைகிற மாதிரி. அந்தப் பருவத்துக்கு மாதம் போதாது, வேளையும் வேண்டும். தூங்குமூஞ்சி மரமும் அப்படித்தான். சாயங்காலம் இலைகளை மூடிக்கொள்ளும். மழை இருட்டிக்கொண்டு வந்தாலும் மூடிக்கொள்ளும்.

இன்னும் நுட்பமானது புறா ஆர்க்கிட். பெரிய மழை பெய்து வெப்பம் சட்டென்று இறங்கினால், அதற்கு ஏறக்குறைய ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்தில் உள்ள செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். ஒரே நாள்தான். மறுநாள் வாடிவிடும். எந்த நாட்காட்டியிலும் அந்தத் தேதி கிடையாது. மழையை நினைவு வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பூ.

முல்லைத் திணையில் ஒரு துறை உண்டு. கார்காலம் வந்ததும் திரும்புவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். ‘இது கார் இல்லை, ஏதோ காலமல்லாத மழை, கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது’ என்று தோழி சமாதானம் சொல்கிறாள். குறுந்தொகையில் இதைப் படிக்கும்போதெல்லாம், இந்தத் தோழி சிங்கப்பூரில் இருந்தால் என்ன சொல்வாள் என்று யோசிப்பேன். இங்கே மரங்கள் மாதத்துக்குப் பூப்பதில்லை, வறட்சிக்கும் மழைக்கும் பூக்கின்றன. எந்தப் பூ காலத்தின் பூ, எந்தப் பூ ஏமாந்த பூ என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வருவேன் என்றவர் எப்போது வருவார் என்பதும் தெரியாது. பிரிவை எழுத இதைவிட நல்ல நிலம் வேண்டுமா என்ன? புலம்பெயர்ந்தவர்களின் இலக்கியம் என்று பேசுகிறவர்கள் இதைத் தொடாமலே போவதுதான் ஆச்சரியம்.

இலையுதிர்காலத்துக்கும் வருகிறேன். அந்தச் சொல்லை எழுதியதில்தான் எனக்குக் கூச்சம் அதிகம்.

1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் வகுத்தார். ரப்பர் நடச் சொல்லி முதலாளிமார்களை நச்சரித்ததால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று அவருக்குப் பட்டப்பெயரும் கிடைத்தது. பிறகு மலாயாவில் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் தேடித்தான் தமிழ்நாட்டிலிருந்து கப்பல்கள் நிறைந்தன. நம்மில் பலர் இந்தப் பக்கம் பிறந்ததற்கான காரணங்களில் ஒன்று, நாம் ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்து உட்காருகிற அந்தப் பூங்காவில் இருக்கிறது.

ரப்பர் மரம் இலையுதிர்க்கும் மரம். பிப்ரவரி, மார்ச் வாக்கில் மொத்தமாகக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்க்கும். ஜொகூர்த் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டி அதை அழகு என்று ஒருநாளும் சொன்னதில்லை. “எல கொட்டுற மாசம் பால் இருக்காது. பால் இல்லேன்னா கையில காசு ஏது?” என்பார். மழைநாளும் அப்படித்தான். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. மலேசியத் தோட்டப்புறக் கதைகளில் மழை ஒரு காட்சியாக மட்டும் வராமல் வயிற்றோடு சேர்ந்து வருவது இதனால்தான். என் குடும்பத்துக்கே ஓர் இலையுதிர்காலம் இருந்திருக்கிறது. அதற்கு நிறமும் கணக்கும் கடனும் இருந்தன. அதை விட்டுவிட்டு நான் மேப்பிள் சருகை எழுதினேன். இரவல் பருவத்தை நான் குறையாகச் சொல்வது அது வெளியூர்ச் சரக்கு என்பதால் இல்லை. அது வந்து உட்கார்ந்த இடத்தில் நம்முடையது ஒன்று இருந்தது, அது மறந்துபோய்விட்டது என்பதால்தான்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு குழி இருக்கிறது. அண்மைக்காலச் சூழலியல் கவிதைகள் சிலவற்றில் மரப்பெயர்கள் பூங்காப் பெயர்ப்பலகை மாதிரி வரிசையாக நிற்கின்றன. தெம்புசு, அங்சானா, சாகா என்று அடுக்கினால் உள்ளூர்க் கவிதை ஆகிவிடும் என்ற நம்பிக்கை. பெயர் மட்டும் வேலை செய்யாது. அங்சானா ஒருநாள் பூத்து மறுநாள் பாதை முழுக்க மஞ்சளாகக் கொட்டுவதையும், அது குறிஞ்சியின் வேங்கைக்கு ஒரே பேரினத்துச் சொந்தம் என்பதையும், அந்த மஞ்சளை ஒரு வங்காளதேச ஊழியர் காலை வெயிலுக்கு முன் கூட்டி அள்ளுவதையும் ஒன்றாகப் பார்க்கிறவருக்குத்தான் அந்தப் பெயர் கருப்பொருள். மற்றவருக்கு அது அலங்காரம். மார்கழிப் பனிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பூமலையில் வேலை பார்த்த தாவரவியலாளர் கார்னர், மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றி 1940-இல் இரண்டு தொகுதி நூல் கொண்டுவந்தார். எந்த மரம் எப்போது இலை மாற்றும், எந்த வானிலைக்குப் பூக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்த மண்ணின் பருவங்களை அறிய அவர் செய்தது ஒன்றுதான்: திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். கவிஞர்களும் செய்யக்கூடிய வேலைதான் அது. கஷ்டமான வேலை இல்லை, நேரம் பிடிக்கிற வேலை.

அந்தப் பழைய கவிதையை நான் கிழிக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் இப்போது தேதிகள் எழுதி வருகிறேன். கடைசியாகப் பெய்த பெரிய மழை, அதிலிருந்து ஒன்பதாம் நாள், அன்று பூத்ததா இல்லையா. இரண்டு முறை தவறவிட்டேன். ஒரு முறை அலுவலகத்தில் இருந்தேன், இன்னொரு முறை எண்ணிக்கை தப்பிவிட்டது. போன செவ்வாய் நல்ல மழை. வர்ற வியாழக்கிழமை காலையில் போகணும்.